உறைய வேண்டிய இடத்தில் உறையட்டும்! – பெருந்தமனி ஸ்டென்ட்டும் கணினிக் கணக்கும்

1955ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் 76 வயதுப் பெரியவர் ஒருவர் கடும் வயிற்று வலியால் அவதிப்பட்டுக் கொண்டிருந்தார். வயிற்றுக்குள் ஓடும் மிகப் பெரிய இரத்தக்குழாய் பலூன் போல வீங்கி, கசியத் தொடங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்து பார்க்கலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பெரியவர் மறுத்துவிட்டார். உயிரைச் செயற்கையாக இழுத்துப் பிடித்துக் கொண்டிருப்பதில் அவருக்கு விருப்பமில்லை. ஏப்ரல் 18ஆம் தேதி அதிகாலையில் அவர் உயிர் பிரிந்தது.

அந்தப் பெரியவரின் பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

அதே நோய் இன்று ஒருவருக்கு வந்தால், பல நேரங்களில் வயிற்றைத் திறக்கவே வேண்டியதில்லை. தொடை இடுக்கில் ஒரு சிறு துளை. அதன் வழியே உலோக வலையும் துணியும் சேர்ந்த ஒரு குழாயை உள்ளே செலுத்தி, வீங்கிய இடத்தில் விரித்துவிடுகிறார்கள். சில நாட்களில் நோயாளி வீடு திரும்பிவிடுகிறார். ஆனால் கதை அத்தோடு முடிவதில்லை. உள்ளே வைத்த குழாய் அங்கேயே நிற்குமா? அதைச் சுற்றியுள்ள இரத்தம் உறையுமா? குழாய்க்குள்ளேயே உறைந்து வழியை அடைத்துவிடுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடித்தான் மருத்துவர்கள் கடைசியில் கணிதக்காரர்களின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இதயத்திலிருந்து இறங்கும் பெருவழி

இதயத்தின் இடது அறையிலிருந்து புறப்படும் முதன்மைக் குழாய்தான் பெருந்தமனி. மேலே எழும்பி, குடையின் கைப்பிடி போல வளைந்து, முதுகெலும்பை ஒட்டி மார்பு, வயிறு என்று இறங்கி, தொப்புள் அருகே இரண்டாகப் பிரிந்து இரு கால்களுக்கும் செல்கிறது. உடலுக்குப் போகும் இரத்தம் முழுவதும் இதன் வழியேதான் புறப்படுகிறது. ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்துக்கு சுமார் 5 லிட்டர்!

வயிற்றுப் பகுதியில் இதன் விட்டம் சாதாரணமாக 2 செ.மீ. அளவில் இருக்கும். வயது, புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம் போன்ற காரணங்களால் சுவர் தளர்ந்து 3 செ.மீ.க்கு மேல் விரிந்தால் அதை அனியூரிசம், அதாவது தமனி வீக்கம் என்கிறார்கள். 5.5 செ.மீ. அளவை எட்டினால் பொதுவாக ஆண்களுக்குச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

ஏன் இந்த அளவுக் கணக்கு? குழந்தைகள் ஊதும் பலூனை நினைத்துப் பாருங்கள். பெரிதாக ஆக ஆக அதன் சுவர் மெலிந்து விறைக்கிறது. உள்ளே அழுத்தம் மாறாமல் இருந்தாலும், குழாயின் ஆரம் இரட்டித்தால் சுவர் தாங்க வேண்டிய இழுவிசையும் இரட்டிக்கும். வீங்கியது மேலும் வீங்கும், ஒருநாள் வெடிக்கும். வெடித்துவிட்டால் பிழைப்பவர்கள் குறைவு.

கட்டிப் பார்த்தார்கள், கம்பி திணித்தார்கள்

இந்த வீக்கம் பழங்காலத்திலேயே தெரிந்த ஒன்றுதான். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் ஆன்டிலஸ், வீங்கிய தமனியின் மேலும் கீழும் நூலால் கட்டிவிட்டு, நடுவே திறந்து சுத்தம் செய்யும் முறையை விவரித்திருக்கிறார். கை கால்களில் உள்ள சிறிய தமனிகளுக்குத்தான் அது பொருந்தும்.

1785இல் லண்டனில் ஜான் ஹன்டர் ஒரு முக்கியமான சோதனையைச் செய்தார். முழங்காலுக்குப் பின்னால் தமனி வீங்கியிருந்த குதிரைவண்டிக்காரர் ஒருவருக்கு, வீக்கத்தைத் தொடாமல் தொடையில் தமனியைக் கட்டினார். காலுக்குப் பக்கவாட்டுச் சிறு குழாய்கள் இரத்தம் கொடுத்தன. வீக்கத்துக்குள் ஓட்டம் தளர்ந்தது, இரத்தம் உறைந்தது, வீக்கம் சுருங்கியது. வண்டிக்காரர் பிழைத்தார். ஓட்டத்தை நிறுத்தினால் வீக்கம் தானாக உறையும் என்ற பாடம் அன்று கிடைத்தது. இந்தப் பாடத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆனால் பெருந்தமனிக்குப் பக்கவழி எங்கே இருக்கிறது? ஹன்டரின் மாணவரான ஆஸ்ட்லி கூப்பர் 1817இல் வயிற்றுப் பெருந்தமனியையே கட்டிப் பார்த்தார். நோயாளி இரண்டு நாள் கூடத் தாங்கவில்லை. 1864இல் லண்டனைச் சேர்ந்த சார்லஸ் மூர் வேறொரு வழியை யோசித்தார். வீக்கத்துக்குள் 26 கஜம் நீளமுள்ள மெல்லிய இரும்புக் கம்பியைத் திணித்தார்! கம்பியைச் சுற்றி இரத்தம் உறைந்து வீக்கத்தை நிரப்பும் என்பது அவர் எண்ணம். உறையத்தான் செய்தது, ஆனாலும் நோயாளி சில நாட்களில் இறந்துபோனார். வயிற்றுப் பெருந்தமனியைக் கட்டி நோயாளியைப் பிழைக்க வைத்த பெருமை 1923இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சேர்ந்த ருடால்ஃப் மாட்டாஸுக்குக் கிடைத்தது.

ஐன்ஸ்டைனுக்கு 1948 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ருடால்ஃப் நிஸ்ஸன் வயிற்றைத் திறந்து பார்த்தபோதும் பெரிய வழி எதுவும் இல்லை. வீங்கிய தமனியைச் சுற்றி செலோஃபேன் தாளைச் சுற்றினார். ஆம், பொட்டலம் கட்டும் அதே வகைத் தாள்தான்! அது திசுவை எரிச்சலூட்டி, தழும்பு உண்டாக்கி, சுவரைத் தடிமனாக்கும் என்பது நம்பிக்கை. அதன் பிறகு ஐன்ஸ்டைன் ஆறு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

துணிக்குழாய் வந்தது

1951 மார்ச் 29ஆம் தேதி பாரிஸில் சார்லஸ் டுபோஸ்ட் வீங்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இறந்தவர் ஒருவரின் உடலிலிருந்து எடுத்த தமனியை அங்கே தைத்தார். வெற்றி! ஆனால் எல்லோருக்கும் பொருத்த அத்தனை தமனிக்கு எங்கே போவது?

விடை துணிக்கடையில் இருந்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளம் மருத்துவராக இருந்த ஆர்தர் வூரீஸ், நாயின் இதயத்துக்குள் விடுபட்டுப் போன ஒரு பட்டு நூலின் மேல் பளபளப்பான மெல்லிய படலம் வளர்ந்திருப்பதைக் கவனித்தார். நூலில் வளரும் படலம் துணியிலும் வளரும்தானே? வினியான்-என் என்ற செயற்கை இழைத் துணியில் குழாய் தைத்து நாய்களுக்குப் பொருத்தி, 1952இல் முடிவுகளை வெளியிட்டார். ஹூஸ்டன் நகரின் மைக்கேல் டிபேக்கி இன்னும் ஒரு படி மேலே போனார். கடையில் நைலான் கேட்கப் போனபோது இருப்பு இல்லை, டேக்ரான் என்ற புதுத் துணிதான் இருந்தது, அதை வாங்கி வந்து தன் கையாலேயே தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்தேன் என்று அவர் பின்னாளில் சொல்வது வழக்கம். தற்செயலாகக் கிடைத்த அந்த டேக்ரான்தான் இன்றுவரை நிலைத்து நிற்கிறது.

ஆனால் இது பெரிய அறுவை சிகிச்சை. வயிற்றை நீளமாகத் திறந்து, பெருந்தமனியை இடுக்கியால் மூடி, வெட்டித் தைக்க வேண்டும். இந்த நோய் வருவதோ பெரும்பாலும் முதியவர்களுக்கு. இதயமும் நுரையீரலும் பலவீனமானவர்கள் இதை எப்படித் தாங்குவார்கள்?

வயிற்றைத் திறக்காமல்

1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் சார்லஸ் டாட்டர், 82 வயது மூதாட்டி ஒருவரின் அடைபட்ட கால் தமனியை, தோல் வழியே செலுத்திய மெல்லிய குழாய்களால் விரித்துக் காட்டினார். வெட்டாமல் உள்ளிருந்தே சரிசெய்யலாம் என்ற கதவு அன்று திறந்தது. 1969இல் சுருள்கம்பிக் குழாய்களை நாய்களின் தமனிகளுக்குள் வைத்துப் பார்த்தார். இன்றைய ஸ்டென்ட்டின் முன்னோடி அதுதான்.

அடுத்த அடியை எடுத்தவர் அன்றைய சோவியத் நாட்டில், இன்றைய உக்ரைனின் கார்கிவ் நகரில் இருந்த நிக்கோலாய் வொலோதோஸ். 1987இல் மார்புப் பெருந்தமனிக்குள், கால் வழியாக, தானே விரிந்து நிற்கும் துணிக்குழாயைச் செலுத்தினார். அவருடைய ஆரம்பக் கட்டுரைகள் ரஷ்ய மொழியில் இருந்ததால் மேற்குலகம் அவரை வெகு காலம் கழித்தே கண்டுகொண்டது என்பது குறிப்பிடத்தக்கது.

அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடிக்கு இந்த யோசனை 1976இலேயே வந்துவிட்டது. விரியும் உலோக வலை ஒன்று கிடைக்காமல் காத்திருந்தார். ஹூலியோ பல்மாஸ் உருவாக்கிய ஸ்டென்ட் வந்ததும், அதில் டேக்ரான் குழாயைத் தைத்து இணைத்தார். 1990 செப்டம்பர் 7ஆம் தேதி புவனோஸ் ஐரிஸ் நகரில் முதல் நோயாளியின் வயிற்றுப் பெருந்தமனிக்குள் அதை வைத்தார். 1991இல் ஐந்து நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் உணவு மருந்துத் துறை இப்படிப்பட்ட இரண்டு கருவிகளுக்கு அனுமதி அளித்தது. அதன் பிறகு உலகெங்கும் இந்த முறை பரவியது.

இரண்டு முகம் கொண்ட உறைவு

இந்தச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது? வீங்கிய பைக்குள் ஒரு புதுக்குழாய் நிற்கிறது. இரத்தம் அதற்குள் ஓடுகிறது. குழாய்க்கும் பழைய சுவருக்கும் இடையே சிக்கிக்கொண்ட இரத்தம் ஓட வழியின்றி நின்று உறைகிறது. உறைந்தால் பையின் மேல் அழுத்தம் குறையும், பை சுருங்கும். ஹன்டரின் பாடம் 200 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்துவிட்டது!

ஆனால் அதே இரத்தம் புதுக்குழாய்க்கு உள்ளே உறைந்தால்? காலுக்குப் போகும் கிளை அடைபடும். கட்டி உடைந்து ஓடினால் வேறெங்காவது போய் அடைக்கும். ஆக, ஒரு துணியின் இந்தப் பக்கம் உறைந்தால் நோய் தீர்கிறது. அந்தப் பக்கம் உறைந்தால் கால் போகிறது. நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத துணி.

இரத்தம் எங்கே, எப்போது உறையும் என்பதற்கு ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ஷோவ் 1850களில் செய்த ஆய்வுகளிலிருந்து வளர்ந்த மூன்று காரணங்களை மருத்துவ மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். ஓட்டத்தில் மாற்றம், குழாய்ச் சுவரில் சேதம், இரத்தத்தின் சேர்க்கையில் மாற்றம். இதில் இரண்டாவதையும் மூன்றாவதையும் நுண்ணோக்கியிலும் சோதனைக் குழாயிலும் பார்க்கலாம். முதலாவதை எப்படிப் பார்ப்பது? உயிருள்ள மனிதனின் வயிற்றுக்குள் இரத்தம் எங்கே சுழல்கிறது, எங்கே தேங்குகிறது என்பதை அளப்பது எளிதல்ல. அதற்குக் கணக்குத்தான் வேண்டும்.

இரத்த ஓட்டத்துக்குக் கணக்கு

இந்தக் கணக்கின் வரலாறு இன்னொரு தனிப் பாதை. இங்கிலாந்தின் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ், குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைச் செருகி, இரத்தம் 8 அடிக்கு மேல் எழும்புவதைக் கண்டு, அதை 1733இல் வெளியிட்டார். துடித்துத் துடித்து வெளிவரும் இரத்தத்தைத் தமனிகள் விரிந்து வாங்கி, சீராக அனுப்புகின்றன என்றும், தீயணைப்பு இயந்திரத்தின் காற்றறை செய்யும் வேலையும் இதுதான் என்றும் விளக்கினார். ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்க் 1899இல் அதையே சமன்பாடாக்கினார். காற்றறை என்ற பொருள் தரும் 'விண்ட்கெஸல்' என்ற ஜெர்மன் பெயரிலேயே அது இன்றும் கணினி மாதிரிகளில் வாழ்கிறது.

1840களில் பிரெஞ்சு மருத்துவர் புவாஸ்யே, மெல்லிய குழாயில் பாயும் நீரின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று நிறுவினார். பள்ளி இயற்பியலில் படித்த அதே புவாஸ்யே விதிதான். ஆரம் பாதியானால் ஓட்டம் 16இல் ஒரு பங்காகிவிடும். பொதுவான பாய்ம ஓட்டத்துக்கு பிரான்ஸின் நேவியே 1822இலும், இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ் 1845இலும் சமன்பாடுகளை எழுதியிருந்தார்கள். சமன்பாடு இருந்தது, ஆனால் வளைந்து நெளிந்த, துடிக்கும் குழாய்க்கு அதைத் தீர்க்கும் வழி இல்லை.

1955இல், ஐன்ஸ்டைன் இறந்த அதே ஆண்டில், ஜான் வோமர்ஸ்லி என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர், உடலியலாளர் டொனால்ட் மெக்டொனால்டோடு சேர்ந்து பணியாற்றி, துடிக்கும் ஓட்டத்துக்கான தீர்வை வெளியிட்டார். நேரான, உருண்டையான குழாய்க்கு மட்டும்தான் அது பொருந்தும். இந்த வோமர்ஸ்லி யார் தெரியுமா? இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் ஆலன் டூரிங்கைத் தன் பிரிவுக்கு அழைத்து வந்து கணினி வடிவமைக்கச் சொன்னவர்! இரத்த ஓட்டமும் கணினியும் ஒருவருடைய வாழ்க்கையிலேயே அருகருகே வந்துவிட்டன. ஆனால் இரண்டும் கைகோர்க்க இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன.

கணினிக்குள் இதயம்

1969இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் காலின் கேரோவும் அவருடைய நண்பர்களும் ஒரு விசித்திரமான உண்மையைச் சொன்னார்கள். தமனியில் கொழுப்பு படிவது, இரத்தம் சுவரை வேகமாக உரசும் இடங்களில் அல்ல. மெதுவாக உரசும் இடங்களில்தான் என்றார்கள். ஆற்றில் வண்டல் எங்கே படியும்? நீர் சுழித்து ஓடும் இடத்திலா, தேங்கும் ஓரத்திலா? அதே போலத்தான் என்று எண்ணத் தோன்றும். ஆனால் இங்கே உயிருள்ள சுவர் செல்கள் அந்த உரசலை உணர்ந்து தங்கள் நடத்தையையே மாற்றிக்கொள்கின்றன. 1985இல் டேவிட் கூவும் குழுவினரும் உரசல் முன்னும் பின்னும் திசை மாறும் இடங்களும் ஆபத்தானவை என்று கழுத்துத் தமனியில் காட்டினார்கள். அன்று முதல் "சுவரை உரசும் விசை" என்பது மருத்துவர்களின் அகராதியிலும் இடம்பிடித்தது.

1972இல் சார்லஸ் பெஸ்கின் என்ற மாணவர், இதய வால்வைச் சுற்றி இரத்தம் ஓடுவதைக் கணினியில் கணக்கிட்டு முனைவர் பட்டம் பெற்றார். அசையும் சுவரையும் ஓடும் பாய்மத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அவருடைய முறை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அவர் படித்த கல்லூரியின் பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி! அவருடைய மாணவர் ஆரன் ஃபோகல்சன், 1984இல் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதை அதே வழியில் கணக்கிட்டார். உறைவு என்பது கணினிக்குள் நுழைந்தது.

1990களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மூன்று துறைகள் ஒரு மேசையில் உட்கார்ந்தன. பொறியாளர் சார்லஸ் டெய்லர், கணக்கீட்டு வல்லுநர் தாமஸ் ஹியூஸ், இரத்தக்குழாய் அறுவை நிபுணர் கிறிஸ்டோபர் ஸாரின்ஸ். பாலம் கட்டும் பொறியாளர் முதலில் கணக்குப் போட்டுப் பார்க்கிறார், விமானம் செய்பவர் கணினியில் பறக்கவிட்டுப் பார்க்கிறார், மருத்துவர் மட்டும் ஏன் பழைய அனுபவத்தை மட்டும் நம்ப வேண்டும்? குறிப்பிட்ட ஒரு நோயாளியின் தமனியைக் கணினியில் வடித்து, சிகிச்சைக்கு முன்பே பலனைக் கணக்கிடலாம் என்பதே 1999இல் அவர்கள் முன்வைத்த வாதம்.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் தெரிந்தது

இந்தக் கணக்கு உண்மையிலேயே தேவைதானா? பிரிட்டனில் 1999 முதல் 2004 வரை நோயாளிகளைச் சேர்த்து நடந்த ஈவார்-1 ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. வயிற்றைத் திறந்து செய்த சிகிச்சையில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 4.7 சதவீதம். ஸ்டென்ட் வழியில் 1.7 சதவீதம் மட்டுமே. ஸ்டென்ட்டுக்குத் தெளிவான வெற்றி!

ஆனால் ஆய்வாளர்கள் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 2016இல் வெளிவந்த 15 ஆண்டுக் கணக்கு வேறு கதை சொன்னது. முதலில் கிடைத்த லாபம் சில ஆண்டுகளில் கரைந்துவிட்டது. 8 ஆண்டுகளுக்குப் பிறகு, வீக்கம் தொடர்பான மரணங்கள் ஸ்டென்ட் வைத்தவர்களிடமே அதிகமாக இருந்தன. முக்கியக் காரணம், மூடிவிட்டதாக நினைத்த பை பின்னாளில் வெடித்தது.

ஏன்? குழாயின் முனைகளில் கசிவு. பையிலிருந்து கிளம்பும் சிறு கிளைக்குழாய்கள் வழியே இரத்தம் பின்னோக்கி வந்து பையை நிரப்புவது. குழாய் மெல்ல மெல்லக் கீழே நழுவுவது. இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஓர் ஆண்டில் மூன்றரைக் கோடிக்கும் மேல். ஒவ்வொரு துடிப்பிலும் குழாய் சற்றே இழுபடுகிறது. கைக்குழாயில் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டால் வளைந்த குழாய் நிமிரப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். அதேதான் இங்கும். 2009இல் ஆல்பர்ட்டோ ஃபிகரோவா, டெய்லர், ஸாரின்ஸ் குழுவினர், இந்த இழுவிசை குழாயின் வளைவைப் பெரிதும் பொறுத்தது என்று கணினியில் காட்டினார்கள். நேரான குழாயை மனத்தில் வைத்துச் சிந்தித்தவர்கள், விசை கீழ்நோக்கித்தான் இருக்கும் என்று எண்ணியிருந்தார்கள். வளைந்த தமனியிலோ அது பக்கவாட்டிலும் தள்ளுகிறது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத விஷயம் இது.

உறைவதைக் கணக்கிடுவது எப்படி?

முதலில் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள். அதிலிருந்து தமனியின் முப்பரிமாண வடிவம் கிடைக்கிறது. அதை லட்சக்கணக்கான, சில சமயம் கோடிக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் நேவியே-ஸ்டோக்ஸ் சமன்பாட்டைக் கணினி தீர்க்கிறது. மேலே இதயத்திலிருந்து எவ்வளவு இரத்தம் வருகிறது என்பதைக் கொடுக்க வேண்டும். கீழே கால்களும் உறுப்புகளும் தரும் எதிர்ப்பைக் கொடுக்க வேண்டும். அங்கேதான் பழைய 'விண்ட்கெஸல்' கைகொடுக்கிறது. நல்ல கணினியிலும் இதற்குப் பல மணி நேரம் முதல் பல நாட்கள் வரை ஆகும்.

இது ஓட்டம் மட்டும்தான். உறைவு இன்னும் சிக்கலானது. உறைதல் என்பது ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, சங்கிலி போல நடக்கும் வினை என்பது 1964இல் வெளிவந்த இரண்டு தனித்தனிக் கட்டுரைகளில் விளக்கப்பட்டது. 2002இல் கென்னத் மான் குழுவினர் அதன் முதல் கட்டத்தைக் கணினியில் எழுதியபோது 34 சமன்பாடுகள் தேவைப்பட்டன. அதுவும் அசையாமல் நிற்கும் இரத்தத்துக்கு! கோடித் துண்டுகளில் ஒவ்வொன்றிலும் 34 சமன்பாடுகளைத் தீர்ப்பது நடைமுறைக்கு ஒத்து வருமா?

எனவே சுருக்குவழி தேடினார்கள். இரத்தத்தின் ஒரு துளி ஓரிடத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது? அங்கே சுவரை உரசும் வேகம் எவ்வளவு குறைவு? தூண்டப்பட்ட தட்டணுக்கள் அங்கே எவ்வளவு சேர்கின்றன? இந்த மூன்றும் சேரும் இடத்தில் கட்டி வளர்வதாகக் கணக்கு எழுதலாம். கட்டி வளர வளர ஓட்டத்தின் பாதை மாறும். மாறிய ஓட்டத்தில் மீண்டும் கணக்கு. விர்ஷோவின் முதல் காரணம் கடைசியில் எண்களாக மாறியது.

பிளந்த தமனி

இந்த முறைக்கு உண்மையான சோதனைக்களம் பெருந்தமனிப் பிளவு என்ற இன்னொரு நோயில் கிடைத்தது. இதில் தமனியின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து, பொய்யான இரண்டாவது பாதை ஒன்றை உண்டாக்குகிறது. 1999இல் வெளிவந்த ஆய்வுகள், மார்புப் பகுதியில் கிழிந்த வாயை ஸ்டென்ட் குழாயால் மூடலாம் என்று காட்டின. மூடினால் பொய்ப்பாதையில் இரத்தம் தேங்கி உறையும்.

ஆனால் 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதிர்ச்சியளித்தது. கீழ்நோக்கி இறங்கும் பெருந்தமனியில் பிளவு ஏற்பட்ட 201 நோயாளிகளைப் பார்த்ததில், பொய்ப்பாதை பாதி உறைந்து பாதி திறந்திருந்தவர்கள், முழுதும் திறந்திருந்தவர்களை விட அதிகமாக இறந்திருந்தார்கள். அரைகுறை உறைவு, உறையாததை விட மோசம்! பொய்ப்பாதையின் வெளியேறும் வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் கூடுவது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

அப்படியானால் ஒரு நோயாளிக்கு முழுதும் உறையுமா, பாதியில் நிற்குமா என்று முன்கூட்டியே தெரிந்தால் எவ்வளவு நல்லது! 2016இல் இம்பீரியல் கல்லூரியின் கிளாடியா மெனிகினி, சியாவோ யுன் ஷூ ஆகியோரும் சக ஆய்வாளர்களும் மேலே சொன்ன சுருக்குவழியில் உண்மையான நோயாளிகளின் தமனி வடிவங்களைக் கணக்கிட்டு, பிற்பாடு எடுத்த ஸ்கேனோடு ஒப்பிட்டார்கள். கணினி காட்டிய இடங்கள் ஸ்கேனில் கண்ட உறைவோடு நன்றாகவே ஒத்துப்போயின. நோயாளிகளின் எண்ணிக்கை மிகக் குறைவுதான். ஆனால் பாதை சரி என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இந்த நோய் டிபேக்கியையும் விடவில்லை. பெருந்தமனிப் பிளவுகளை வகைப்படுத்தி, அதற்கு அறுவை சிகிச்சையை வளர்த்தெடுத்த அவருக்கே 2005 டிசம்பர் 31 அன்று, 97ஆம் வயதில், அது வந்தது. 2006 பிப்ரவரியில் அவருடைய மருத்துவக் குழுவினர் மார்பைத் திறந்து டேக்ரான் குழாயை அவருக்கே பொருத்தினார்கள். 2008 ஜூலையில், 99ஆம் வயதில்தான் அவர் மறைந்தார்.

கணினி சொல்வதை நம்பலாமா?

கணினி வரையும் வண்ணப் படங்கள் அழகானவை. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று தமனி மின்னும்போது அதுவே உண்மை என்று தோன்றிவிடும். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்க உணவு மருந்துத் துறை ஒரு எளிய சோதனை வைத்தது. நடுவில் குறுகி, பிறகு விரியும் சாதாரணக் குழாய் ஒன்றின் அளவுகளைக் கொடுத்து, உள்ளே ஓட்டம் எப்படி இருக்கும் என்று கணக்கிடச் சொன்னது. 28 குழுக்கள் விடை அனுப்பின. ஆய்வகத்தில் அளந்த உண்மை அளவுகளோடு ஒப்பிட்டபோது விடைகளுக்குள் பெரும் வேறுபாடு! முடிவுகள் 2012இல் வெளியாயின. எளிய குழாய்க்கே இப்படி என்றால், துடிக்கும், வளையும், உறையும் தமனிக்கு?

இரத்தம் தண்ணீர் அல்ல. ஏறக்குறைய 45 சதவீதம் அணுக்கள் நிறைந்த குழம்பு. மெதுவாக ஓடும்போது அதன் பாகுநிலை கூடுகிறது. நோயாளியின் தமனிச் சுவர் எவ்வளவு கடினம், அவருடைய இரத்தம் எவ்வளவு எளிதில் உறையும், மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். இவற்றில் பலவற்றை மாதிரிகள் சராசரி எண்களால் நிரப்புகின்றன. அதனால்தான் கணினி மாதிரியை எந்த அளவுக்கு, எந்த வேலைக்கு நம்பலாம் என்று மதிப்பிடும் வழிமுறைகளை 2018இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமும், 2023இல் உணவு மருந்துத் துறையும் வெளியிட்டன.

மீண்டும் ஐன்ஸ்டைன்

ஐன்ஸ்டைன் முனைவர் பட்டத்துக்காக 1905இல் எழுதிய ஆய்வேடு சார்பியலைப் பற்றியது அல்ல. ஒரு திரவத்தில் சிறு துகள்கள் மிதந்தால் அதன் பாகுநிலை எவ்வளவு கூடும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. துகள்கள் மிதக்கும் திரவம்! இரத்தமும் அப்படிப்பட்ட ஒன்றுதானே? இரத்தத்தில் அணுக்களின் நெருக்கம் அதிகம் என்பதால் அந்தச் சூத்திரம் நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் அந்தத் துறையின் தொடக்கப்புள்ளிகளில் அதுவும் ஒன்று.

அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு பிழை இருந்தது. பல ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. பாரிஸில் ஆய்வகத்தில் அளந்து பார்த்தபோது எண்கள் ஒத்துவரவில்லை. ஐன்ஸ்டைன் தன் உதவியாளர் லுட்விக் ஹோப்ஃபிடம் மறுபடி சரிபார்க்கச் சொன்னார். பிழை பிடிபட்டது. 1911இல் திருத்தம் வெளியானது.

ஐன்ஸ்டைனின் கணக்கையே சோதனைக் குழாய் திருத்தியது என்றால், கணினியின் கணக்கை நோயாளியின் ஸ்கேன் திருத்துவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஈவார்-1 ஆய்வு 15 ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருக்காவிட்டால் ஸ்டென்ட்டின் குறை தெரிந்தே இருக்காது. அந்தக் குறையைத் தீர்க்கும் மாதிரிகளும் அதே பொறுமையோடு சோதிக்கப்பட வேண்டும். திரையில் நீல நிறத்தில் தெரியும் தேக்கத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் படுத்திருக்கிறார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். ஓட வேண்டிய இடத்தில் இரத்தம் ஓட வேண்டும். உறைய வேண்டிய இடத்தில் உறைய வேண்டும்.